வேனிற் பாட்டுக்கு வேலி எதற்கு?

தாயகத்தை விட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடியேறிய தமிழர்கள் கூடும் அவைகளில் தவறாமல் ஒலிக்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டுக்களை முணுமுணுக்கின்றார்கள். அப்பாட்டுக்களில் இயற்கையும் இல்லை, நெஞ்சமும் இல்லை. இரைச்சலும் ஆட்டமும் உடல் வேட்கையுமே உண்டு. இயற்கையோடு இயைந்த பாட்டுத் தமிழருக்கே உரியது என்பது அக்குற்றச்சாட்டு. கைதட்டல் பெறுவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை. மறுப்பவர் எவரும் எழுவதில்லை. எழுந்தால் தமிழ்ப் பற்றில்லாதவர் என்னும் பட்டம் காத்திருக்கும்.

அதே அவையின் பின்வரிசையில் இன்னொரு கூட்டம் அமர்ந்திருக்கும். மேடையேறிப் பேசாவிடினும் வீட்டில் அதன் சொல்லே செல்லும். செர்ரிப் பூவையும் இளவேனிலையும் பாடுவதில் என்ன குற்றம்? அவை மாசற்ற பொருள்கள் அல்லவா? மேலை நாகரிகத்தின் மென்மை பிள்ளைகளுக்கு அவ்வழியே வாய்க்காதா? இவை அக்கூட்டத்தின் கேள்விகள்.

முன்னவர் கேளாமலே பழிக்கின்றனர். பின்னவர் கேளாமலே புகழ்கின்றனர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் வாதம். மேலை நாட்டு வேனிற் பாட்டு பழிப்போர் எண்ணுவது போல உள்ளீடற்ற கூச்சலும் அன்று. புகழ்வோர் எண்ணுவது போலக் கள்ளமற்ற பூச்செண்டும் அன்று.

எந்தத் தராசு?

ஒரு பாட்டை நிறுக்கத் தராசு வேண்டும். அதை நாம் வெளியில் தேட வேண்டுவதில்லை, தொல்காப்பியர் தந்திருக்கின்றார். காலமும் இடமும் முதற்பொருள். அந்நிலத்துப் பூவும் மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். மாந்தரின் நெஞ்ச நிகழ்ச்சி உரிப்பொருள். இம்மூன்றனுள் உரிப்பொருளே தலைமையானது. பூவுக்காகப் பூவைப் பாடுவது அகத்திணை மரபு அன்று. பூ பூத்தபோது நெஞ்சில் என்ன நேர்ந்தது என்று கேட்பதே அம்மரபு.

இந்தத் தராசு தமிழ்ப் பாட்டுக்கு மட்டுமே உரியது என்று சொன்னால் தொல்காப்பியரைச் சிறுமைப்படுத்தியவர் ஆவோம். மாந்தர் நெஞ்சமும் பருவமும் எங்குண்டோ அங்கெல்லாம் அது செல்லும். ஆகவே அதைக் கையிலெடுத்துக்கொண்டு மேலை நாட்டுப் பாட்டுக்குள் நுழைவோம்.

வேனிலும் பிரிவும்

பனியும் இருளும் பல திங்கள் சூழ்ந்திருக்கும் நாடுகளில் இளவேனில் என்பது நாட்காட்டியில் ஒரு தாள் கிழிவது அன்று; அடைத்த கதவு திறப்பது. பட்டமரம் போல நின்ற செர்ரி மரம், இலை முழுதும் விரிவதற்கு முன்னரே பூவால் மூடிக்கொள்கின்றது. அப்பூவும் ஒன்றிரண்டு வாரங்களில் உதிர்ந்துவிடுகின்றது. நீண்ட காத்திருப்பு, குறுகிய மகிழ்ச்சி, உடனே இழப்பு என்னும் மூன்றும் அந்நிலத்துப் பருவத்தின் உள்ளேயே பொதிந்திருக்கின்றன. பாடுவோன் புதிதாக ஒன்றும் புனைய வேண்டுவதில்லை.

அமெரிக்க மெல்லிசையில் நிலைபெற்ற வேனிற் பாட்டுக்களை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். அவற்றுள் சிறந்தவை மகிழ்ச்சிப் பாட்டுக்கள் அல்ல. 1945ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்டேட் ஃபேர்’ என்னும் திரைப்படத்துக்காக ரிச்சர்டு ராட்ஜர்ஸ் இசையமைக்க ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய ‘இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்பிரிங்’ என்னும் பாட்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டின் சிறந்த திரைப்பாட்டுக்குரிய ஆஸ்கர் விருதைப் பெற்றது அது. நாட்டுப்புறப் பெண்ணொருத்தி, காரணம் அறியாத ஏக்கத்தால் அலைக்கழிகின்றாள். வேனிற் காலத்து மயக்கத்தின் அறிகுறிகள் எல்லாம் அவளிடம் உள்ளன. ஆனால் கதை நிகழும் பருவமோ வேனில் அன்று. ஊர்ப் பொருட்காட்சிகள் அந்நாட்டில் கோடையின் இறுதியிலும் கூதிரிலுமே நடப்பவை. இதனை உணர்ந்த கவிஞர், வேனில் வராதபோதே வேனில் நோய் வந்துவிட்டதாக எழுதினார். முதற்பொருள் இல்லாமலே உரிப்பொருள் அதனை அழைத்து வருகின்றது. திணை மயக்கம் பற்றி நூற்பா நூற்பாவாகப் பயின்ற நாம் இதைக் கண்டு வியக்க வேண்டாமா? இரைச்சல் என்று தள்ளிவிடுவது எவ்வகையில் நேர்மை?

இன்னொன்று. 1955இல் ஃபிரான் லேண்ட்ஸ்மன் என்னும் பெண் கவிஞரும் டாமி வுல்ஃப் என்னும் பியானோக் கலைஞரும் சேர்ந்து படைத்த பாட்டு, ‘ஸ்பிரிங் கேன் ரியலி ஹாங் யூ அப் தி மோஸ்ட்’. ஏப்ரல் திங்களே மிகக் கொடியது என்னும் கருத்தோடு தொடங்கும் டி. எஸ். எலியட்டின் நெடுங்கவிதையை ஜாஸ் இசைஞர்களின் கொச்சையில் சொன்னால் எப்படி இருக்கும் என்னும் விளையாட்டில் பிறந்தது இது. பிறர்க்கெல்லாம் பருவம் வந்தது, எனக்கோ நோவு வந்தது என்பதே இதன் சாரம். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ‘இளவேனிற் பத்து’ என்று ஒரு பத்து உண்டு. குறித்த பருவம் வந்துவிட்டது, குறித்துச் சென்றவன் வரவில்லை என்னும் ஒரே நோவைப் பத்துப் பாட்டும் வெவ்வேறு இளவேனிற் காட்சிகளைக் காட்டிச் சொல்கின்றன. வேனிலைப் பிரிவின் பருவமாக வைத்தவர் நம் முன்னோர். அமெரிக்க நகரத்து இரவு விடுதி ஒன்றில் பியானோவோடு பிறந்த பாட்டும் வேனிலைப் பிரிவின் பருவமாகவே கண்டது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படவில்லை. மாந்தர் நெஞ்சம் இருவேறு இடங்களில் ஒரே உண்மையைக் கண்டடைந்தது, அவ்வளவே. இதில் நமக்குப் பெருமை உண்டு. ஏகபோக உரிமை இல்லை.

பாடியவர் யார்?

‘மேலை நாட்டார்’ என்னும் ஒற்றைச் சொல்லால் நாம் சுட்டும் அந்தப் பாட்டாசிரியர்கள் யார்? இதை விசாரித்தவர் நம் அவைகளில் மிகக் குறைவு. விசாரித்திருந்தால், குடிபெயர்ந்து வாழும் நாம் அவர்களைப் பழிக்கும் முன் சற்றுத் தயங்கியிருப்போம்.

1932ஆம் ஆண்டு நியூயார்க்கில் மேடையேறிய ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ என்னும் பாட்டுக்கு இசையமைத்தவர் வெர்னான் டியூக். அது அவர் பெற்றோர் இட்ட பெயர் அன்று. விளாதிமிர் தூகெல்ஸ்கி என்பது இயற்பெயர். ருசியப் பேரரசில் பிறந்து, புரட்சிக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போரில் வீடிழந்து, கான்ஸ்டான்டிநோபிள் வழியாக அமெரிக்கா சேர்ந்தவர். புதிய நாட்டில் வாழப் புதிய பெயர் வேண்டும் என்று அவருக்குச் சொன்னவர், தாமும் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவரான ஜார்ஜ் கெர்ஷ்வின். பாட்டை எழுதிய ஹார்பர்க்கோ, ருசியாவிலிருந்து வந்த ஏழை யூதப் பெற்றோரின் மகன். நியூயார்க்கின் நெருக்கடி மிக்க கீழ்க் கிழக்குப் பகுதியில் வளர்ந்தவர். பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, வேலையிழந்து தெருவில் நின்று காசு கேட்கும் உழைப்பாளியின் குரலாக ஒலித்த ‘பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்?’ என்னும் பாட்டையும் எழுதியவர் அவரே. அதுவும் அதே 1932ஆம் ஆண்டில்! பசியைப் பாடிய அதே பேனா, பாரிசில் பூத்த மரத்தையும் பாடியது. பூப்பாட்டு உழைப்பாளியின் துயரை மறந்தவனின் பாட்டு என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

செருமனிக்குச் செல்வோம். 1930இல் ‘கொமீடியன் ஹார்மோனிஸ்ட்ஸ்’ என்னும் ஆடவர் அறுவர் குழு பாடிப் புகழ்பெறச் செய்த வேனிற் பாட்டு ‘வெரோனிக்கா, டெர் லென்ஸ் இஸ்ட் டா’. வேனில் வந்தது என்று வெரோனிக்காவுக்குச் சொல்லும் வேடிக்கைப் பாட்டு. எழுதியவர் ஃபிரிட்ஸ் ரோட்டர்; இசையமைத்தவர் வால்டர் யுர்மன்; இருவரும் வியன்னாவில் பிறந்த யூதர்கள். இட்லரின் ஆட்சி வந்ததும் இருவரும் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பாடிய குழுவில் மூவர் யூத வழியினர் என்பதால் குழுவே தடைக்கு உள்ளாகி, 1935இல் சிதறியது. வேனிலை வரவேற்றுப் பாடியவர்களுக்கு அந்நாடு தந்த பரிசு இது.

செர்ரிப் பூவையே பெயரில் தாங்கி உலகெங்கும் பரவிய பாட்டு ஒன்றுண்டு. பிரெஞ்சு மொழியில் ‘சிறீசியே ரோஸ் எ பொம்மியே பிளான்’. ஆங்கிலத்தில் ‘செர்ரி பிங்க் அண்டு ஆப்பிள் பிளாசம் ஒயிட்’. இளஞ்சிவப்புச் செர்ரியும் வெள்ளை ஆப்பிள் பூவும் என்பது பொருள். இசையமைத்த லூயிகி, பார்சிலோனாவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். பிரெஞ்சுச் சொற்கள் ஜாக் லாரூவினுடையவை. ஆங்கிலச் சொற்கள் மேக் டேவிடினுடையவை. அதை உலகப் புகழுக்கு ஏற்றியவரோ கியூபாவில் பிறந்து மெக்சிகோவுக்குக் குடிபெயர்ந்த பெரெஸ் பிராடோ. அவருடைய மாம்போ இசைத்தட்டு 1955இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் பத்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்த இசைத்தட்டில் பாட்டின் சொற்களே இல்லை! டிரம்பெட் ஒன்று வழுக்கி இறங்கி எழும் ஓசையிலேயே உலகம் அந்தப் பூவைக் கண்டது. ஆங்கிலச் சொற்களின் மோகத்தால்தான் இப்பாட்டுக்கள் பரவுகின்றன என்னும் வாதம் இங்கே ஒரே அடியில் விழுகின்றது.

ஊரை விட்டவனுக்கே பருவத்தின் அருமை தெரியும். பிறந்த ஊரின் வேனிலை இழந்தவன், வந்த ஊரின் வேனிலைப் பாடித் தனக்கு ஒரு நிழல் தேடிக்கொள்கின்றான். இது நம் கதை அல்லவா? நம் கதையையே வேறு மொழியில் பாடியவனை நாம் ஏன் பகைவனாக்க வேண்டும்?

குருதி தோய்ந்த செர்ரி

இனிப் பிரான்சின் மற்றொரு பாட்டு. ‘லெ தாம் தெ சிறீஸ்’, அதாவது ‘செர்ரிக் காலம்’. 1866இல் ஜான் பாப்டிஸ்ட் கிளெமான் எழுதினார். 1868இல் அந்துவான் ரெனார் இசையமைத்தார். பூவைக் கடந்து கனியும் காலத்தையும், அது குறுகியது என்பதையும், காதல் தந்த புண்ணையும் பாடும் மென்மையான பாட்டு. அரசியல் இதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் 1871இல் பாரிசு மக்கள் தங்கள் நகராட்சியைத் தாங்களே அமைத்தபோது, கிளெமான் அதில் பங்கேற்றார். மே 21 முதல் 28 வரை அரசுப் படை அந்நகரைக் குருதியில் தோய்த்தது. அது செர்ரி கனியத் தொடங்கும் காலம். தப்பிய கிளெமான் இலண்டனில் அடைக்கலம் புகுந்தார்; அவர் இல்லாமலே அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர், இறுதி நாளில் தடுப்பரணில் காயம்பட்டோர்க்குப் பணிசெய்த லூயிஸ் என்னும் பெண்ணுக்குத் தம் பழைய காதற்பாட்டைக் காணிக்கையாக்கினார். அன்று முதல் ‘செர்ரிக் காலம்’ என்பது தோற்றுப்போன நம்பிக்கையின் பெயராயிற்று. கனியின் சிவப்புக் குருதியின் சிவப்பாயிற்று. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பாடியவர் வாழ்க்கை மாறியது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1996 சனவரியில், மறைந்த குடியரசுத் தலைவர் மித்தராணுக்குப் பாஸ்டில் சதுக்கத்தில் மக்கள் அஞ்சலி செலுத்தியபோது பாடப்பட்டதும் இப்பாட்டே.

ஆழமில்லாத பாட்டு இத்தனை சுமையைத் தாங்குமா? சந்தையில் விற்ற பாட்டு என்பதால் அது மலிவான பாட்டு என்று முடிவு கட்டுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

ஆபாசம் என்னும் குற்றச்சாட்டையும் ஒதுக்க வேண்டாம். வெரோனிக்காப் பாட்டில் இரட்டைப் பொருள் உண்டு, மறைக்கத் தேவையில்லை. வேனிலைச் சாக்காக வைத்து எழுதித் தள்ளப்பட்ட மட்டமான பாட்டுக்களும் ஏராளம். ஆனால் ஒரு மரபை அதன் குப்பையால் அளப்பது நீதியாகாது. நம் மரபை எவரேனும் அவ்வாறு அளந்தால் நாம் பொறுப்போமா?

மாசற்ற பூ என்னும் மாயை

இதுவரை பழிப்போர்க்கு விடை கூறினோம். புகழ்வோரை இனி விட்டுவிட இயலாது. பூவைப் பாடும் பாட்டெல்லாம் மாசற்றது என்கின்றார்களே, அது உண்மையா?

1904இல் மிலான் நகரில் முதன்முதலாக மேடையேறிய புச்சினியின் ‘மதாமா பட்டர்ஃபிளை’ இசைநாடகம், சப்பானுக்கு ஒருமுறையும் செல்லாதவர் படைத்த சப்பான். ‘சக்குரா சக்குரா’ என்னும் அந்நாட்டு மரபுப் பாட்டின் மெட்டும் அதில் எடுத்தாளப்பட்டது. அந்நாடகத்தைத் தழுவி 1916இல் அமெரிக்காவில் எழுந்த மெல்லிசைப் பாட்டு ‘புவர் பட்டர்ஃபிளை’. கைவிட்டுச் சென்ற வெள்ளைக் கடற்படையாளன் திரும்புவான் என்று பூமரத்தின் கீழ்க் காத்திருக்கும் சப்பானியப் பெண் அதன் தலைவி. காத்திருத்தல் முல்லையின் உரிப்பொருள்தான். ஆயினும் இப்பாட்டில் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சம் இல்லை. அழகு மட்டுமே உண்டு. அவளும் பூவைப் போல ஓர் ஒப்பனைப் பொருள். அவள் நாட்டுக் கருப்பொருளைக் கவர்ந்துகொண்டு, அவள் நாட்டு உரிப்பொருளைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பலேறிய பாட்டு அது.

இந்த மனப்பான்மை பின்னரும் தொடர்ந்தது. சப்பானியப் பாடகர் கியூ சாக்கமோட்டோவின் பாட்டு ஒன்று 1963 சூனில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடம் பெற்றது. கண்ணீர் சிந்தாதிருக்க மேல்நோக்கி நடக்கும் ஒருவனின் பாட்டு. வேனில் நாளின் நினைவும் அதில் வரும். அமெரிக்கப் படை தம் மண்ணில் நிலைத்திருக்க வழிசெய்த உடன்படிக்கையை எதிர்த்து நடந்த ஊர்வலத்திலிருந்து மனம் சோர்ந்து வீடு திரும்பியபோது எய் ரொக்குசுக்கே எழுதியது. இதற்கு மேலை நாட்டு வணிகர் இட்ட பெயர் என்ன? ‘சுக்கியாக்கி’! அது ஒரு மாட்டிறைச்சி உணவின் பெயர். பாட்டுக்கும் அதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. வாய்க்கு எளிதாக வரும் சப்பானியச் சொல் ஏதேனும் ஒன்று போதும் என்று எண்ணினர். கண்ணீருக்குக் கறிக்குழம்பின் பெயர் சூட்டினர்.

வாசிங்டன் நகரத்துச் செர்ரி மரங்களின் வரலாறும் இதையே கூறும். 1910இல் தோக்கியோ நகரம் நட்பின் அடையாளமாக அனுப்பிய இரண்டாயிரம் மரங்கள் பூச்சியும் நோயும் பற்றியிருந்ததால் எரிக்கப்பட்டன. சோர்வடையாமல் 1912இல் மீண்டும் 3,020 மரங்களை அனுப்பியது அந்நகரம். அவை பூத்தன, விழா எடுத்தனர், பாட்டும் படமும் பெருகின. பின் 1941 திசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட நான்காம் நாள், நான்கு மரங்கள் வெட்டப்பட்டுக் கிடந்தன. போர்க் காலத்தில் அவற்றைச் சப்பானியச் செர்ரி என்று சொல்லவும் கூசி, ‘கீழைநாட்டுச் செர்ரி’ என்று பெயர் மாற்றினர். 1942இல் பிறந்த ஆணையின்படி அந்நாட்டில் வாழ்ந்த சப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அவர்கள் பூவைப் பாடத் தெரிந்த நாட்டுக்கு அவர்களோடு வாழத் தெரியவில்லை.

மறுபுறம் சப்பானிய அரசும் அந்தப் பூவை வாளா விடவில்லை. உதிரும் பூவைப் போல நாட்டுக்காக உதிர்க என்று இளைஞர்க்குக் கற்பித்தது. மோதிச் சாகும் வானூர்திக்கு ‘ஓக்கா’, அதாவது செர்ரிப் பூ, என்றே பெயரிட்டது. பூ மாசற்றதுதான்; அதனைப் பாடும் வாயும் பாடச் சொல்லும் கையும் அவ்வாறு அல்ல.

கருப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு உரிப்பொருளைக் கைவிடும் பாட்டு, எந்த மொழியில் இருந்தாலும் பொய்ப்பாட்டு. இது நம் தராசு தரும் தீர்ப்பு.

கொள்வதும் கொடுப்பதும்

பிறர் நாட்டு இசையை எடுத்தாள்வதே குற்றம் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. நேர்மையான கொள்ளலும் உண்டு. 1966இல் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் சித்தார் பயின்ற பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், 1969 ஏப்ரலில் ஒரு நாள், வணிகக் கூட்டத்துக்குப் போகாமல் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் அமர்ந்து ‘ஹியர் கம்ஸ் தி சன்’ என்னும் பாட்டைப் புனைந்தார். நெடிய ஆங்கிலப் பனிக்காலத்துக்குப் பின் வெயிலைக் கண்டவனின் பெருமூச்சு அது. அதன் இடைப்பகுதியில் வரும் எண்ணிக்கை மாறும் தாளப் போக்கில், மும்முறை வந்து முடியும் இந்துத்தானியத் ‘திகாய்’ அமைப்பின் சாயலை இசையறிந்தோர் காட்டுவர். நம் கருநாடக இசையின் முத்தாய்ப்புக்கு உறவானது அது. பாட்டில் தாமரையும் இல்லை, யானையும் இல்லை. கற்றதைத் தம் நாட்டு வேனிலைச் சொல்லப் பயன்படுத்தினார்; நம் நாட்டைக் காட்சிப் பொருளாக்கவில்லை. கற்றுக்கொண்டவனுக்கும் கவர்ந்துகொண்டவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் மேடையின் காகிதப் பூ

இவ்வளவும் அயலாரைப் பற்றிய வழக்காக முடிந்தால் பயனில்லை. இதே தராசில் நம் விழா மேடையையும் வைத்துப் பார்க்க வேண்டும். குறிஞ்சி என்றும் முல்லை என்றும் அட்டையில் வெட்டி ஒட்டுகின்றோம். குறவஞ்சி வேடம் கட்டிப் பிள்ளைகளை ஆடவிடுகின்றோம். கைதட்டி முடித்தபின் அப்பிள்ளை, “குறிஞ்சி என்றால் என்ன?” என்று கேட்டால் “நம் பண்பாடு” என்கின்றோம். உரிப்பொருளைச் சொல்லிக்கொடுக்காமல் கருப்பொருளை மட்டும் சட்டையில் குத்தி அனுப்புகின்றோம். ‘புவர் பட்டர்ஃபிளை’யை எழுதியவர்கள் சப்பானுக்குச் செய்ததை நாமே நமக்குச் செய்துகொள்கின்றோம் என்றால் அது மிகையா? அவர்களாவது அயலார்.

அத்தகைய காகிதப் பூவை ஏந்திய பிள்ளை, தன் தனிமைக்கும் ஏக்கத்துக்கும் சொல் தேடி ஆங்கிலப் பாட்டிடம் போவதில் வியப்பென்ன? அப்பிள்ளையைத் தடுத்துப் பயனில்லை. அவன் கேட்கும் பாட்டை நாமும் உடனிருந்து கேட்போம். இந்தப் பூ எந்த மண்ணில் பூத்தது, பாடியவன் எதை இழந்தான், பூவுக்குப் பின்னே நெஞ்சம் உண்டா என்று மூன்று கேள்விகளை அவனோடு சேர்ந்து கேட்போம். கேட்கப் பழகிய பிள்ளை, பொய்ப்பாட்டைத் தானே ஒதுக்குவான். நல்ல பாட்டைக் கண்டால், “இதைப்போல் தமிழில் உண்டா?” என்று வினவுவான். அன்று அவன் கையில் இளவேனிற் பத்தைக் கொடுக்க நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்கு முதலில் நாம் அதைப் படித்திருக்க வேண்டும்.

வேலி கட்டிக் காக்க வேண்டிய அளவு நலிந்தது அன்று தமிழ்ப் பாட்டு. கேட்கும் செவியும் சொல்லிக்கொடுக்கும் வாயும் இல்லாமையாலேயே அது நம் வீடுகளில் வாடுகின்றது. அக்குறையை மறைக்கச் செர்ரி மரத்தின்மேல் பழி போடாதிருப்போம்.